கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணன் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா, அம்மா இருக்கும் நம் சென்னை வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதா பில்டரிடம் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறாய், அதைக் கடைசியில் எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று இவள் கேட்டாள். ஃபோனில் பேசினால் அண்ணி காதில் விழும் என்று நினைத்திருப்பாய். சரி, நானும் பேப்பரிலேயே எழுதுகிறேன். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இங்கே எங்கள் வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நடக்கிறது. சமையலறையைப் பிரித்துப் போட்டாயிற்று. மேல் தரையைப் பெயர்த்தால் அடியில் இன்னொரு தரை, அதற்கும் அடியில் 9 இஞ்ச் சதுர டைல். 1960-களில் கட்டிய வீட்டில் அந்த டைல் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகமாம். துண்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினோம், இருக்கிறது என்று பதில் வந்தது. உடைத்தால்தான் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கிளறாமல் விட்டால் பயமில்லை. அதனால் அதன் மேலேயே பலகை பரப்பிப் புதுத் தரை போடுகிறேன். வேலை எடுத்தவர் பாதியில் வேறு இடத்துக்குப் போய்விட்டார், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் அப்படித்தான், உடம்புக்கும் நல்லது. அம்மா கேட்டால் ஆள் வைத்திருக்கிறேன் என்று சொல்.

அதுவரை சமையல் பேஸ்மென்ட்டில். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர். பாத்திரம் கழுவுவது குளியல் தொட்டியில். ரசத்துக்குத் தாளித்தால் புகை அலாரம் அலறுகிறது. கடுகு வெடிக்கும் முன்பே பாப்பா முறத்தை எடுத்துக்கொண்டு அதன் கீழே போய் நின்றுவிடுவாள். நீ அனுப்பிய பருப்புப் பொடிதான் வாரத்தில் பாதி நாள் ஓட்டுகிறது.

பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா வேலியோரம் நின்று, நான் அறுக்கும் ஒவ்வொரு பலகைக்கும் தலையை ஆட்டுகிறார். இல்லை என்றுதான். போன வாரம் அவர் அத்திமரத்தைப் புதைத்தார். பொய்யில்லை. ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சாய்த்து, பள்ளத்தில் படுக்கவைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடிவிட்டார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவாராம், கோடையில் பழமும் காய்க்கிறது. இப்படிப்பட்டவர், நம் தெருவில் வீட்டை ஜாக்கி வைத்து நாலடி தூக்குகிறார்கள் என்று நான் சொன்னதை நம்பவில்லை! ரோட்டின் மேல் ரோடு போட்டே வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது என்பதை எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது? இங்கே நேர்மாறு. பேஸ்மென்ட்டில் தலை இடிக்கிறது என்று அஸ்திவாரத்துக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, கான்கிரீட் போட்டுத் தரையைக் கீழே இறக்குகிறார்கள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். ராத்திரி எல்லோரும் படுத்ததும், நகக்கண்ணில் சிமென்ட்டோடு உட்கார்ந்து, விற்பனைக்கு வந்திருக்கும் மாளிகைகளை ஃபோனில் பார்க்கிறேன். சமையலறை அலமாரிக்கு யோசனை எடுக்கத்தான் ஆரம்பித்தேன், இப்போது மிக்சர் டப்பாவில் கைவிட்ட கதை. இங்கே பிரைடில் பாத் என்று ஒரு பணக்காரப் பகுதி, நம் போட் கிளப் சாலைக்கு அண்ணன். டிரேக் என்ற பாடகருக்கு அங்கே 50,000 சதுர அடியில் வீடு, உள்ளேயே கூடைப்பந்து மைதானம். கிரவுண்டுக்கு 2400 என்று போட்டால் 20 கிரவுண்டுக்கு மேல் வருகிறது, கட்டடம் மட்டும். அந்த மாதிரி வீடுகளில் வாசல் பாதைக்கு அடியில் சூடான குழாய் ஓடும், பனி விழுந்ததும் உருகிவிடும். நான் ஐந்தரைக்கு எழுந்து வாரிக்கொட்டுகிறேன். சிலதில் இரண்டு சமையலறை. ஒன்று விருந்தாளி பார்க்க, பின்னால் ஒன்று நிஜமாகச் சமைக்க.

ஞாயிறு 2 மணியிலிருந்து 4 மணி வரை ஓப்பன் ஹவுஸ் வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம். நம் வீடு மாதிரியே செருப்பை வாசலில் கழற்றணும். சோபா, படம், கட்டில் எல்லாம் வாடகைக்கு வந்தவை. கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள், ஒன்று குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு ஏற்கெனவே ஏஜென்ட் இருக்கிறாரா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். நான் இல்லை என்கிறேன். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

இங்கே டொரண்டோவில் காசா லோமா என்ற கோட்டையைக் கட்டிய பெல்லட் என்ற பணக்காரருக்கு 98 அறை. 1914-ல் குடிபோனவர் பத்து வருஷம் முழுசாக இருக்கவில்லை. கடன் முற்றி, சாமான்களை ஏலம் விட்டார்கள். பாப்பாவோடு போய்ப் பார்த்தேன், டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான்.

போன வாரம் கை தவறிச் சென்னை என்று தேடிவிட்டேன். நம் தெருவே வந்தது. மாடிவீட்டு மாமி வீடு. ‘பழைய கட்டடம், நில மதிப்பு மட்டும்’ என்று போட்டிருக்கிறார்கள். நீயும் நானும் வழுக்கி விழுந்த சிவப்பு ஆக்சைடு தரை, தேக்கு உத்திரம், எதற்கும் ஒரு பைசா கிடையாதாம். நாலாவது படம் அவர்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. ஓரத்தில் நம் கொடி. அம்மாவின் அரக்குச் சேலை, கிளிப் போடாமல் முனையைக் கொடியில் முடிந்து. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன், கடைசியில் வெறும் அரக்குக் கட்டம்தான் தெரிந்தது. அன்றைக்கு வேறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை. மாமி எங்கே போகிறார்கள்? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. அப்பா உயில் எழுதவில்லை, வீடு அவர் சொந்தச் சம்பாத்தியம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீ, நான் நாலு பேருக்கும் சம பங்கு. உன் கல்யாணச் சீரெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வாரிசுச் சான்றிதழில் உன் பெயர் இருக்கிறதல்லவா? அதில் ஒரு பிரதி, வில்லங்கம், வரி ரசீது எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். மூலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், சாவி அம்மாவிடம்.

ஜாக்கியா பில்டரா என்பதில் எனக்கு மனசு ஜாக்கிப் பக்கம். செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட நம் மெட்ராஸ் டெரஸ் கூரை அதைத் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரிடம் கேட்கணும், ஜாக்கிக்காரரிடம் கேட்டால் தாங்கும் என்றுதான் சொல்வார். ஆனால் அம்மா ஒவ்வொரு மழைக்கும் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டியிருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, பில்டர் என்றாலும் நான் தடுக்கமாட்டேன். நாலு பங்கும் பத்திரத்தில் தெளிவாக இருந்தால் போதும். இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, பவரை உன் பெயருக்கே அனுப்புகிறேன். வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், மாமாவிடம் சொல்லி வை.

மழையில் மாமாவை துரைசாமி சப்வே பக்கம் வண்டி எடுக்கவிடாதே, கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் நேரம்.

அப்புறம், பில்டர் என்று முடிவானால் அட்வான்ஸ் எப்போது கையில் வரும், தை மாசத்துக்குள் வருமா என்று அண்ணனிடம் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
உன் தம்பி