தோட்டச் சங்கத்தின் மண்புழு உரப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தோட்டக் கழிவை எரிக்காமலும் குப்பையில் சேர்க்காமலும் மண்புழுக்களைக் கொண்டு உரமாக்குவதென்று சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி இவ்வாண்டு நடந்த பணிகளை இந்த அறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

முதலில், நாம் செய்த பிழை. நிழலில் அமைத்த நான்கு தொட்டிகளில் புழுக்களை விட்ட கையோடு, அன்று வெட்டிய புல்லையும் பசுந்தழையையும் மூன்று தொட்டிகளில் ஒரு முழ உயரத்துக்கு நிரப்பினோம். பசுந்தழையில் தழைச்சத்து மிகுதி என்பதால், குவித்து வைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும் வேகத்தில் குவியலின் உள்வெப்பம் 50 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். நாம் வளர்க்கும் ஐசினியா ஃபெட்டிடா என்னும் சிவப்புப் புழுவுக்கு உகந்தது 15 முதல் 25 டிகிரி வரை. 35 டிகிரிக்கு மேல் அது பிழைப்பது அரிது. மூன்றாம் நாள் ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தபோது, தப்ப முடிந்தவை சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை இறந்து கிடந்தன. வாங்கிய புழுக்களே தரமற்றவை என்று உறுப்பினர்கள் சிலர் கருதினார்கள். நான்காவது தொட்டிக்குத் தழை போதாமல் அரைகுறையாக நிரப்பியிருந்தோம். அதில் சூடு ஏறவில்லை, அதே புழுக்கள் அங்கே நலமாக இருந்தன. எனவே குறை நம் அவசரத்தில்தான் இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். பிற தொட்டிகளுக்குப் பின்னர் விதையானவையும் அந்த நான்காவது தொட்டியின் புழுக்களே.

அதன்பின் முறையை மாற்றினோம். பசுந்தழையோடு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காய்ந்த இலையைக் கலந்து, சாணக்கரைசல் தெளித்து, தொட்டிக்கு வெளியே இரண்டு மூன்று வாரம் குவித்து வைத்து, இடையிடையே புரட்டிப்போடுகிறோம். குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்துச் சூடு முற்றிலும் தணிந்த பிறகே தொட்டிக்கு மாற்றுகிறோம். இதனால் இன்னொரு குறையும் தீர்ந்தது. நம் உரம் இட்ட நாற்றுத் தொட்டிகளில் களை முளைப்பதாக ஆண்டின் நடுவில் ஓர் உறுப்பினர் எழுதித் தந்திருந்தார். மண்புழுப் படுக்கை சூடாவதில்லை என்பதால் களை விதைகள் அதில் சாவதில்லை. ஆனால் நன்றாகப் புரட்டிய குவியலின் சூட்டில் பெரும்பாலானவை செத்துவிடும். புழுவைக் கொன்ற அதே சூடு, இடம் மாறியதும் நமக்கு உதவியாயிற்று.

ஈரத்தில் இன்னமும் கவனம் போதவில்லை. மண்புழு தோலால் மூச்சுவிடுவது. காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கிக் காற்று புகாவிட்டாலும் சாகும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது என்பதே நம் அளவுகோல். அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தையும், களைக்கொல்லி தெளித்த புல்லையும் இனி ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்த புழுக்களைச் சிலர் ஆர்வத்தோடு கொண்டுவந்து தொட்டியில் விட்டார்கள். அவை மண்ணைக் குடைந்து வாழ்பவை. மேற்பரப்பின் மட்கிய இலையில் வாழும் உரப்புழுக்களைப்போல் தொட்டியில் பெருகமாட்டா. 1881-இல் சார்லஸ் டார்வின் ஒரு முழு நூல் எழுதும் அளவுக்கு வியந்தது அவ்வாறு மண்ணைப் புரட்டும் புழுக்களின் வேலையைத்தான். அவற்றை நிலத்திலேயே விட்டுவைப்பது நல்லது.

தொட்டி நிரம்பியதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மாதத்தில், கறுத்து, தேயிலைத்தூள்போல் உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு உரம் கிடைத்தது. உரத்தை அள்ளுவதற்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கிவிடும். மேல் உரத்தை அள்ளி வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் எஞ்சியவையும் அடிக்குப் போய்விடும். சல்லடையில் தங்குவதை எறியாமல் தொட்டிக்கே திருப்பவேண்டும். அதில் கடுகைவிடச் சற்றே பெரிய முட்டைக்கூடுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குஞ்சுகள் வரும்.

உறுப்பினர்கள் சிலர் இவ்வுரத்தில் மட்டுமே செடி நட்டு, செடி வாடியதாகக் குறைகூறினார்கள். நாற்றுக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை. இவ்வுரத்திலுள்ள உப்பு மிகுந்தால் வேருக்குக் கெடுதலே.

குவியலைப் புரட்டும் வேலை இப்போது இருவர் தலைமேல் விழுந்துள்ளது. வாரத்துக்கு ஒருவர் என முறை வைத்துக்கொள்ள முன்வருவோர், இக்கூட்டம் கலைவதற்குள் தங்கள் பெயரை என்னிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்