எட்டாம் வகுப்பு வரை எங்கே படிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் எந்தப் பள்ளிக்கு எத்தனை விழுக்காடு என்று பக்கம் பக்கமாகச் செய்தி வருகிறது. கொங்கு நாட்டுப் பெற்றோர்களாகிய நாங்களும் அதைப் பார்த்தே பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புகிறோம். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அந்த எட்டு ஆண்டுகளுக்குக் கிறித்தவ நிர்வாகத்தின் கீழுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் மிகத் தகுந்தவை என்று, விசைத்தறி நடத்தும் இந்துக் குடும்பத்துத் தகப்பனாகிய நான், என் இரு மகள்களையும் அப்படியொரு பள்ளியில் படிக்க வைத்த அனுபவத்தில் கருதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு குழந்தையாக மேசையருகே அழைத்து, வரிக்கு அடியில் விரல் வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். தடுமாறிய சொற்களை அன்று மாலையே இரட்டைக் கோடு நோட்டில் எழுதிவர வேண்டும். மறுநாள் வாசிப்பு அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கும். இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கிலேயேகூட, இதை ஒரு நாளும் விடாமல் செய்வதற்குப் பொறுமையும், செய்கிறார்களா என்று பார்க்கத் தலைமையாசிரியரின் கண்டிப்பும் வேண்டும். அவ்விரண்டும் அங்கே இருந்தன. நான்காம் வகுப்பு முடிவதற்குள் மூத்தவள் நாளிதழை எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"ஏஞ்சாமி, அங்க சேத்தி உட்டா புள்ளைய சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கள்ள?" என்று என் தாயார் கேட்டார். பலருக்கும் உள்ள அச்சந்தான் இது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி ஒரு குழந்தையைச் சமய போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. எங்கள் பள்ளியில் கிறித்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குச் செல்லும் அதே மணி நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடந்தது. திருக்குறளை என் மகள்கள் மனப்பாடம் செய்தது பெரும்பாலும் அந்த வகுப்பில்தான்.

இதைவிடப் பெரியதாக நான் நினைப்பது வேறொன்று. லண்டன் மிஷன் என்ற கிறித்தவ சமயப் பணி அமைப்பு 1827இல் சேலத்திலும் 1830இல் கோவையிலும் பணி தொடங்கியது. அப்படி வந்த மிஷன் பள்ளிகள், படிப்பு எட்டாதிருந்த சாதியினரின் பிள்ளைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் கதவு திறந்தன. எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று பார்த்துப் பழகும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியாத எங்கள் பகுதியில், தறி முதலாளியின் மகளும் அவரிடம் வேலை செய்பவரின் மகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, சோற்றுப் பாத்திரத்தையும் பங்கிட்டுக்கொள்வதை ஆறு வயதிலேயே பழகுவது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத கல்வி.

குறையும் உண்டு. சில நிர்வாகங்கள் தமிழ்வழி வகுப்புகளைச் சுருக்கிவிட்டு, சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கிக் கட்டணத்தை உயர்த்துகின்றன. வசதியற்ற குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கும் கடமையிலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. அந்த விலக்கு சட்டப்படியானதே. இருந்தாலும், ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளிகள் அதைக் காரணம் காட்டுவது பொருத்தமாகப் படவில்லை. அவ்விடங்களைத் தாமாகவே ஒதுக்கவும், தமிழ்வழிப் பிரிவுகளை மூடாமல் நடத்தவும் நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பிலேயே இதை வெளியிட்டால், கட்டணத்துக்கு அஞ்சி விலகி நிற்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் தறித் தொழிலாளர்களும் தங்கள் குழந்தைகளைச் சேர்க்க வழி பிறக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சோமனூர்.