செல்ஃப் எடுக்கிறது, வண்டி கிளம்பவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் போதும், உடனே 'இ20 பெட்ரோல்தான் காரணம்', அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், என்று சொல்லிவிடுகிறார்கள். எத்தனால் கலப்பால் பழைய வண்டிகளுக்குத் தொந்தரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, பழைய ரப்பர் ஓஸும் வாஷரும் சீக்கிரம் போகலாம், எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேரவும் வாய்ப்புண்டு. ஆனால் நேற்று ராத்திரி நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி இன்று காலையில் செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. அதைப் பார்க்காமல் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பது என் காசு போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

என்னுடையது 2004 மாருதி 800, எம்பிஎஃப்ஐ இன்ஜின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சுகிற வகை. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை, அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும், அம்மா பையோடு வாசலில் நிற்கிறார், செல்ஃப் நன்றாக எடுக்கிறது, வண்டி கிளம்பவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் வந்தோம். மதியம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து கட்டி இழுத்துப் போனார்கள், சாயங்காலமே போன் வந்தது, 'பெட்ரோல் பம்ப் போயிடுச்சு சார்'. மாற்றச் சொன்னேன். நான்கு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் அதே கதை. திரும்பக் கேட்டால் இன்ஜின் கம்ப்யூட்டரில் கோளாறாக இருக்கும், மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

அப்போதுதான் எங்கள் தெருவில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் வரை மட்டும் திருப்பி, 'ஏதாவது சத்தம் கேக்குதா?' என்றார். ஒன்றும் கேட்கவில்லை. எம்பிஎஃப்ஐ வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் டேங்க்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும். புதுப் பம்ப்பும் ஓடவில்லை என்றால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா என்பதுதானே அடுத்த கேள்வி? ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்ப்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி, மூடியை நெம்பிக் கழற்றி, வெயிலில் சாய்த்துக் காட்டினார். உள்ளே அதன் கம்பிக் கால்களில் ஒன்றைச் சுற்றியுள்ள ஈயப் பற்றில் தலைமயிர் அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். ஒட்டியிருக்கும் நேரத்தில் வண்டி ஓடும், விலகினால் நிற்கும், அவ்வளவுதான். புது ரிலே போட்டார், அன்றிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. அவர் கேட்ட கூலி, பம்ப்புக்கு நான் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது பெட்ரோல், ஸ்பார்க், காற்று, அப்புறம் சரியான நேரத்தில் அழுத்தம். செல்ஃப் தெம்பாகச் சுற்றுகிறது என்றால் இதில் ஏதோ ஒன்று வரவில்லை என்றுதான் அர்த்தம், எது என்பதை வண்டியே ஓரளவு சொல்லிவிடும். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகாமல் இருக்கலாம், மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் ஒயர் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் பிளக் நனைந்திருக்கும், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட லேசாக, வேகமாக 'விர்ர்' என்று சுற்றுகிறதா, இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அதற்கு மேல் ஒரு முறைகூட அடிக்காதீர்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்து மழைக்காலமாகவும் இருந்தால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைக் கழற்றி உள்ளே துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கிறேன் என்று ஒயரைக் கையில் பிடிப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட், பக்கத்தில் பெட்ரோல் வேறு இருக்கும்.

இன்னொன்று, பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும், பேட்டரியும் இறங்கிவிடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். கோபத்தில் நானும் அன்று காலை அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, நேரம் இல்லை, வண்டி வரிசையில் நிற்கிறது, முன்பு ஒரு வண்டியில் பம்ப் போயிருந்தது, இதிலும் அதுதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் பணம் கொடுப்பவர் நாம். 'எதை டெஸ்ட் பண்ணி இதைச் சொல்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. கழற்றிய பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன், அது எங்கே போனது என்று தெரியாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் வாரம் தவறாமல் புது எஸ்யுவி பற்றி வருகிறது, சரி, அதற்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்னும் எங்கள் ஊர்ச் சந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை வைத்திருப்பவர்களில் பலர் புதுக் கார் வாங்க முடியாதவர்கள். மாதம் ஒரு முறையாவது இந்த மாதிரி எளிய சோதனைகளை அனுபவமுள்ள மெக்கானிக்குகளையும் எலக்ட்ரீஷியன்களையும் கேட்டுப் படத்தோடு போடுங்கள். அந்தப் பழைய ரிலேயை நான் தூக்கிப் போடவில்லை, விரிசல் தெரியும்படி கிட்டத்தில் எடுத்த போட்டோவை இத்துடன் இணைத்திருக்கிறேன், முதல் படமாக அதையே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
வாசகர், ஸ்ரீரங்கம்