குதிரை லாய வேலைக்குப் போகிறவர்களுக்கு, முடி வெட்டுகிற மெஷினான கிளிப்பர் பற்றிச் சில வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் குதிரை லாயங்களில் வேலை என்று பத்திரிகைகளில் இடைக்கிடை வரும் விளம்பரங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தீனி வைத்தல், லாயம் கூட்டுதல், குதிரையைத் துலக்குதல் என்று எல்லாம் போடுகிறார்கள், ஆனால் குளிர்காலத்தில் அந்தக் குதிரைக்கு முடி வெட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு விளம்பரத்திலும் நான் காணவில்லை. எங்கள் உப்புவெளியில் இதைச் சொன்னால் பெடியன்கள் சிரிக்கிறார்கள், "என்ன அண்ணே, குதிரைக்கும் சலூனோ?" என்று. சிரிக்கட்டும். நான் ஒன்பது வருஷம் இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்‌ஷயரில் ஒரு லாயத்தில் இருந்தவன். ஒக்டோபர் பிறந்தால் அங்கே சலூன்தான், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஐந்நூறு கிலோ, பிடிக்காவிட்டால் உதைப்பார்கள்.

இங்கே இருக்கிற நமக்கு இது ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. குதிரைக்குக் குளிர்கால ரோமம் வளர்வதற்கு முதற்காரணம் குளிர் இல்லை, பகல் குறுகுவது. வெளிச்சம் குறையக் குறைய உடம்பு அதைக் கணக்கு வைத்து ரோமத்தை வளர்க்கத் தொடங்கிவிடும். யோர்க்‌ஷயரில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணிநேரம்தான். திருகோணமலையில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணிநேரத்துக்குக் கிட்டத்தான் வரும். அதனால்தான் நெடுந்தீவில் திரிகிற குதிரைகளை டிசம்பரில் போய்ப் பார்த்தாலும் கரடி மாதிரி சடைத்து நிற்பதில்லை.

சரி, குளிருக்கு வளர்ந்த முடியை ஏன் வெட்ட வேண்டும்? வேலை செய்யாமல் வயலில் நிற்கிற குதிரைக்கு வெட்டவே தேவையில்லை, அது அதன் போர்வை. ஓடுகிற, பயிற்சி எடுக்கிற குதிரைதான் அந்த ரோமத்தோடு வியர்த்துத் தொப்பலாகி, மணிக்கணக்காகக் காயாமல், ஈரத்தோடு குளிரில் நடுங்கும். அதற்காகத்தான் வெட்டுவது. வெட்டினால் பிறகு நாங்கள்தான் போர்வை போட்டுவிட வேண்டும், அந்தக் கடமையை மறந்துவிட்டு வெட்டுகிறவன் கையில் மெஷினைக் கொடுக்கக்கூடாது. வயதான சில குதிரைகளுக்கு ஒரு ஹோர்மோன் நோய் வரும், குஷிங் என்று சொல்வார்கள், அதுகளுக்குக் கோடையிலும் சுருண்ட முடி உதிராமல் நிற்கும், அவற்றை வெயில் காலத்திலும் வெட்ட வேண்டியிருக்கும்.

என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரர் "குதிரையைக் குளிப்பாட்டத் தெரிந்தால் போதும், தம்பி" என்றார். முதல் ஒக்டோபரில் கையில் கிளிப்பரைத் தந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரைக்கு முன்னால் விட்டார்கள். மெஷின் எண்ணெய்ப் போத்தலில் இரண்டு சொட்டுத்தான் மிச்சம், யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது, அறையில் அம்மா தந்துவிட்ட தேங்காய் எண்ணெய் இருந்தது. அதை வெந்நீரில் வைத்து உருக்கிக் கொண்டுவந்து பிளேடில் விட்டேன். நம்மூர் மூளை! தேங்காய் எண்ணெய் இருபத்தைந்து பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும், அந்த லாயத்தில் ஆறோ ஏழோ பாகை. கொஞ்ச நேரத்தில் பிளேடுக்குள் முடியும் மெழுகுமாக அடைத்து, வெட்டாமல் பிய்க்கத் தொடங்கி, சூடும் ஏறி, குதிரை ஒரே உதையில் மெஷினையும் என்னையும் வைக்கோலில் போட்டது. பிளேடில் இரண்டு பல் உடைந்தது. என் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உடைந்த பல்லோடு வெட்டினால் தோலைக் கிழிக்கும் என்று அன்று முதலாளியம்மா அந்தப் பிளேடை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, சத்தம் போடாமல், முதலில் இருந்து சொல்லித்தந்தார். அவர் சொன்னதைத்தான் இப்போது நான் எழுதுகிறேன்.

போனவாரம் என் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் நாலு மெஷின் படம் அனுப்பிக் கேட்டான், "மாமா, எது நல்லது?" என்று. ஹைனிகர், லிஸ்டர், வால் (Wahl), ஆண்டிஸ் எல்லாம் நல்ல கம்பனிப் பெயர்தான், நான் கேட்டது வேறு: எத்தனை குதிரை, எவ்வளவு முடி, பிளேடு எத்தனை சோடி வாங்கப்போகிறாய்? பதில் இல்லை. அவன் காசு முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, கூட வந்த ஒரே பிளேடோடு சீசனை ஓட்டப் பார்க்கிறான். என் எண்ணப்படி நடுத்தர விலையில் ஒரு மெஷினும் மூன்று சோடி கூரான பிளேடும் வைத்திருக்கிறவனே கெட்டிக்காரன்.

தடித்த ரோமம் உள்ள குதிரையின் உடம்புக்குப் பெரிய கிளிப்பர் வேண்டும், பிளேடு மூன்று அங்குல அகலத்துக்குக் கிட்ட, திருகாணி போட்டு இறுக்குகிற வகை. முகம், காது ஓரம், கால் கணுவுக்கு சின்ன ட்ரிம்மர். சின்னதை வைத்துக்கொண்டு முழுக் குதிரையையும் வெட்டப் போனால் மோட்டார் கருகும், குதிரைக்கும் பொறுமை போய்விடும். சலூனில் நமக்குப் போடுகிற மெஷினைக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார், அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. பெரிய மெஷின் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். கடையில் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஒன்றரை மணிநேரம் தோளுக்கு மேலே பிடித்துப் பாருங்கள் தெரியும், ஆகவே பிடி உங்கள் கைக்கு அடங்குகிறதா என்று பார்ப்பது முக்கியம். பட்டரியில் ஓடுவது சத்தம் குறைவு, வயர் காலுக்குள் மாட்டாது, பயந்த குதிரைக்கு அதுதான் நல்லது, ஆனால் நாளுக்கு நாலு குதிரை வெட்டுகிற லாயம் என்றால் கரண்ட் மெஷின்தான் தாக்குப்பிடிக்கும். கரண்ட் என்றால் றப்பர் அடிச் சப்பாத்து, ஈரமில்லாத தரை, கரண்ட் ஒழுக்கு வந்தால் உடனே விழுகிற ட்ரிப் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள். இங்கே கொழும்பில் வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு ஒன்று: நம்முடையது 230 வோல்ட், அங்கே 120.

பிளேடில் நுணுக்கம், நடுத்தரம், பரும்பல் என்று வகை இருக்கும். சடைத்த முடிக்குப் பரும்பல் போடுங்கள், நுணுக்கப் பிளேடு போட்டால் அடைத்து சூடேறும். கழற்றி மாட்டுகிற சின்னப் பிளேடுகளில் இலக்கம் கூடக்கூட முடி ஒட்டவெட்டும், பத்தாம் இலக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் விடும், நாற்பது என்பது டொக்டர்மார் தோலைத் துப்புரவாக்க எடுப்பது. மேல் பிளேடும் கீழ்ப் பிளேடும் சோடியாகத் தீட்டப்பட்டவை, மாற்றிப் பூட்டினால் இரண்டும் கெடும்.

இறுக்கம்தான் பெரும்பாலான பேர் பிழைவிடுகிற இடம். திருகை இறுக்கிக்கொண்டே போய், தடை தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று பின்னால் விடுவது எனக்குக் கற்றுத்தந்த கணக்கு. மெஷினுக்கு மெஷின் மாறும், கூட வருகிற தாளைப் பாருங்கள். வெட்டாமல் போனால் இன்னும் இறுக்குகிறார்கள், அது பிளேடைத் தின்னும். முதலில் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பாருங்கள், அதற்கும் வெட்டாவிட்டால் கூர் போய்விட்டது, தீட்டக் கொடுக்க வேண்டியதுதான்.

எண்ணெய் ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால், மெஷின் ஓடும்போதே. அந்த நேரத்தில் பிளேடைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். குளிராக்குகிற ஸ்பிறே ஒன்று விற்கிறார்கள், அது எண்ணெய் ஆகாது.

வெட்டுவதற்கு முன்னால் குதிரை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். சேறு பிடித்த ஒரே குதிரையில் ஒரு புதுப் பிளேடு போனதைக் கண்டிருக்கிறேன். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று சோக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். சில குதிரைக்குக் கழுத்தும் வயிறும் மட்டும் போதும். கடும் வேலைக் குதிரைக்குக் கால்களையும் சேணம் இருக்கிற இடத்தையும் விட்டு மிச்சம் எல்லாம். முடி படிந்திருக்கிற திசைக்கு எதிராக, நீளமாக, ஒரு இழுவை மற்றதில் கொஞ்சம் ஏறுகிற மாதிரி, அழுத்தாமல். முன்னங்கால் இடுக்கிலும் பின்னங்கால் மடிப்பிலும் தோல் தொளதொளவென்று இருக்கும், மற்றக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்டுப்படுவது அங்கேதான். பிடரியின் ஓரத்தில் அவசரப்பட்டால் பாதிப் பிடரி போய்விடும், திரும்ப வளர மாதக்கணக்கு.

பயந்த குதிரை என்றால், வெட்டுகிற நாளுக்குப் பல நாள் முன்னரே தீனி தின்னும்போது தூரத்தில் மெஷினை ஓடவிடுங்கள். பிறகு உங்கள் கையைத் தோளில் வைத்து, அந்தக் கையின் மேல் மெஷினை வையுங்கள், அதிர்வு முதலில் உங்கள் கைவழியாகப் போகட்டும். மயக்க மருந்து மிருக வைத்தியர் கையில் மட்டும், அதிலும் சில குதிரைக்கு வியர்த்துவிடும், வியர்த்தால் வெட்ட முடியாது.

மீசை முடியைத் தொடாதீர்கள். குதிரைக்கு மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண் தெரியாது, அந்த முடியால்தான் தடவி அறியும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமே 2021 ஜூலை 1 முதல் அதை மழித்த குதிரைகளைப் போட்டிக்கு விடுவதில்லை. அழகுக்காக மழிக்கச் சொல்கிற முதலாளி இன்னும் இருக்கலாம், மரியாதையாக மறுத்துவிடலாம்.

ஜனவரி முடிந்த பிறகு கோடை ரோமம் முளைக்கத் தொடங்கிவிடும், அதோடு நிறுத்துவது வழக்கம். மெஷினை மூடிவைக்கும்போது பிளேடைக் கழற்றித் துலக்கி எண்ணெய்த் துணியில் சுற்றிவையுங்கள். நான் ஒரு சோடியை ஞாபகத்துக்கென்று ஊருக்குக் கொண்டுவந்தேன், இங்கத்தைய உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது, இப்போது அது மேசையில் தாள் பறக்காமல் வைக்கிற பாரம்.

மருமகன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். குதிரையின் விலாவில் உழுத வயல் மாதிரிக் கோடு கோடாக. "துலக்கினாயா, பிளேடு கூரா?" என்று கேட்டேன். "துலக்கினேன் மாமா, பிளேடுதான்…" என்றான். இரண்டு சோடி புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன், கோடு விழுந்த இடத்தைக் கூரான பிளேடால் குறுக்காக ஒருமுறை இழுத்தால் ஓரளவு மறையும்.

இங்ஙனம்,
முன்னாள் லாயக்காரன் ஒருவன்,
உப்புவெளி, திருகோணமலை.