விளக்கு எரிந்த ஒரே ஜன்னல்: ஒரு நன்றி மடல்

நியூ ஜெர்சியின் கெண்டல் பார்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அன்பர்களுக்கு,

வணக்கம். நாற்பது நிமிடம்கூட ஓடாத ஓர் இசைத்தட்டைக் கேட்பதற்காகக் கடந்த சனிக்கிழமை இரவு முப்பத்தாறு பேர் ஒரு வீட்டின் நிலவறையில் கூடினீர்கள். பன்னிரண்டு பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். செருப்புகள் வாசலைத் தாண்டிப் புல்வெளி வரைக்கும் போய்விட்டன. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து நன்றி சொல்ல முடியாமல் போனதால் இந்த மடல்.

வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அந்த இசைத்தட்டு அமெரிக்கப் பாடகர் டொனால்ட் ஃபேகனின் 'தி நைட்ஃப்ளை'. வால்டர் பெக்கரோடு சேர்ந்து அவர் நடத்திய ஸ்டீலி டேன் இசைக்குழு 1981இல் கலைந்தது. மறு ஆண்டு அவர் தன் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. மொத்தம் எட்டுப் பாடல்கள். கடையில் பாப் வரிசையில்தான் வைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே ஓடும் ரத்தம் ஜாஸ். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்: பத்து வயது வாக்கில் பெற்றோருடன் குடிவந்து, 1965இல் சவுத் பிரன்ஸ்விக் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வரை அவர் வளர்ந்தது நம் கெண்டல் பார்க்கில். நம் பிள்ளைகளின் சான்றிதழிலும் அதே பள்ளியின் பெயர்தான் இருக்கிறது.

இங்கே பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. பிரின்ஸ்டன் ரெக்கார்டு எக்ஸ்சேஞ்ச் கடையில் மகளுக்காகக் காத்திருந்த நேரத்தில் பழைய தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றின் முன்னட்டையில் டை கட்டிய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கையில் சிகரெட்டுடன் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம் நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடம் காட்டியது. அதிகாலை நான்கு மணி என்பதை அவர் முகமே சொன்னது. அறிவிப்பாளர் வேடத்தில் இருப்பவர் ஃபேகன்தான். பின்னட்டையைத் திருப்பினேன். இரவு நேரம், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், அவற்றில் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. நம் தெருவை யாரோ படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வாங்கிவிட்டேன். தட்டை வாங்கினேனே தவிர, அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி கிடையாது.

இனி நன்றிகள்.

முதலில் அரங்கு. பதிவு செய்திருந்த பொது அரங்கில் குழாய் வெடித்துவிட்டது என்று இரண்டு நாள் முன்னால் தகவல் வந்தது. அன்று இரவே "எங்கள் நிலவறைக்கு வாருங்கள்" என்று சொன்ன தம்பதிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பதினெட்டு அரிசி மூட்டைகளையும் புளி டப்பாக்களையும் ஒரு மூலைக்கு நகர்த்தி இடம் பண்ணினார்கள். 'நியூ ஃப்ரான்டியர்' பாடல் வந்தபோது அந்த மூலையைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். அணுகுண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளத் தோண்டிய பதுங்கறையில் ஒரு பையன் கோடை விருந்து வைப்பதுதான் அந்தப் பாட்டு. 1960இல் அதிபர் வேட்பாளராக நின்றபோது கென்னடி முழங்கிய 'புதிய எல்லை' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, பையன் ஒரு பெண்ணிடம் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் பற்றி அளந்துகொண்டிருப்பான். நம் வீட்டு நிலவறைகளில் இருக்கும் சரக்குக்கு அவன் விருந்தை ஆறு மாதம் நடத்தியிருக்கலாம்.

எதிர்வீட்டு அம்மையார் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. அவர் இந்த ஊரிலேயே பள்ளிக்குப் போனவர். சங்கு ஊதினால் மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் கைகளால் மூடிக்கொள்ளும் பயிற்சியைப் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். மேசைக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங் கம்தான் அவருக்கு இன்றும் நினைவில் நிற்கிறதாம். பயந்தீர்களா என்று ஒரு சிறுவன் கேட்டான். "சலிப்பாக இருந்தது" என்றார். ஆல்பம் முழுக்க இருப்பது அந்தச் சலிப்புதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபேகன் இந்த ஊரைச் சிறை போல உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதிலேயே பஸ் பிடித்து மன்ஹாட்டனுக்கு ஜாஸ் கேட்கப் போனவர், வேறு எப்படிச் சொல்வார்? ஊரைத் திட்டியவருக்கு ஊர்க்காரர்கள் விழா எடுக்கலாமா என்று நம்மில் ஒருவர் கேட்டார். தாராளமாக எடுக்கலாம். அம்மையாருக்கு இந்த மடலை என் மகள் ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவாள். உங்கள் ஆப்பிள் கேக்கை நான் இரண்டு முறை எடுத்துக்கொண்டதும் அதில் வரும், அம்மா.

இசைத்தட்டுக் கருவியும் ஸ்பீக்கர்களும் கொண்டுவந்த ஒலிப்பொறியாளர் தம்பிக்கு அடுத்த நன்றி. பாப் உலகில் முழுக்க டிஜிட்டலாகப் பதிவான தொடக்ககால ஆல்பங்களில் இது ஒன்று என்பதையும், 3எம் நிறுவனத்தின் 32 தடப் பதிவுக் கருவியில் இதைப் பிடித்தார்கள் என்பதையும் பொறுமையாக விளக்கினார். அரங்குகளில் ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதன் முதல் பாட்டை இன்றும் போடுகிறார்களாம். பதிவுப் பொறியாளர் ரோஜர் நிக்கோல்ஸ் அதற்கு முன் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர் என்று அவர் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. நம்மில் பாதிப் பேர் பொறியாளர்கள் அல்லவா!

ஆனால் அந்தக் கருவி சொல்லி வைத்தாற்போலச் சரியாக ஏழரை மணிக்கு மக்கர் செய்தது. பெல்ட் வழுக்கி, தட்டு இழுத்து இழுத்துச் சுழன்றது. ஃபேகன் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருந்தது. தம்பி கைப்பேசியில் தீர்வு தேடிக்கொண்டிருக்கையில், மூலையில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். மகளைப் பார்க்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர். அங்கே முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வீட்டில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டார். பெல்ட்டைக் கழற்றி, பஞ்சால் துடைத்து, சுழலும் சக்கரத்தையும் துடைத்து, காயும் வரை ஊதி மாட்டினார். பத்தே நிமிடம். "பாட்டில் தப்பில்லை, பிசுக்குதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூலைக்குப் போய்விட்டார்.

அன்றைய இரவின் நாயகர் நீங்கள்தான், ஐயா. அட்டைப்படத்து மைக்கைப் பார்த்ததும் ஆர்சிஏ நிறுவனத்துடையது என்று அடையாளம் சொன்னவர் முப்பத்தாறு பேரில் நீங்கள் ஒருவரே. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது என்றீர்கள். தலைப்புப் பாடல் வந்தபோது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டீர்கள். ஊர் தூங்கிய பிறகு ஏதோ ஒரு மலையடிவாரத்து நிலையத்திலிருந்து விடிய விடிய ஜாஸ் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் வரும் கிறுக்கர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, பழைய காதலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளனின் பாட்டு அது. இந்த ஊர்ப் பையன் ஃபேகன் அறையை இருட்டாக்கிக்கொண்டு கேட்ட நியூயார்க் அறிவிப்பாளர்களின் சாயல் அவன். பாட்டு முடிந்ததும் நீங்கள் இலங்கை வானொலியைப் பற்றிப் பேசினீர்கள். கடையை மூடிய பிறகு, பழுது பார்த்த பெட்டி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் சாக்கில், கடல் தாண்டி வரும் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்ததைச் சொன்னீர்கள். "சோதித்தது போதும், வீட்டுக்கு வாருங்கள்" என்று ஆள் அனுப்புவார்களாம். என் மகள் அதை எழுதி வைத்திருக்கிறாள்.

வீணை ஆசிரியை அக்காவுக்கு ஒரு தனி வணக்கம். ஜாஸ் எனக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்கே விளங்காமல் இருந்ததை ஒரே வரியில் பிடித்துவிட்டார். நமக்குச் சுருதி தரை, அது அசையாது, ராகம்தான் அதன் மேல் நடக்கிறது. இவர்கள் பாட்டில் மெட்டு ஓரிடத்தில் நிற்க, தரை நகர்கிறது. ஆதார சுரத்தை மாற்றிக் கிரகபேதம் செய்யும்போது நாம் எப்போதாவது தொட்டுப் பார்ப்பதை ஃபேகன் பாட்டுக்குப் பாட்டு செய்துவிட்டுச் சிரிக்காமல் பாடுகிறார் என்றார். 'மேக்சின்' பாட்டில் அடுக்கடுக்காக வரும் குரல்கள் எல்லாமே ஃபேகனின் ஒரே தொண்டைதான் என்று தம்பி சொன்னபோது, அக்கா நம்பாமல் ஊசியைத் திரும்ப வைக்கச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டும் நம்பவில்லை.

பாடல் வரிகளின் சாரத்தைத் தமிழில் எழுதிப் படியெடுத்துக் கொடுத்த இரு மாணவிகளுக்கும் நன்றி. முதல் பாட்டின் தலைப்பான 'ஐ.ஜி.ஒய்.' என்ற மூன்றெழுத்தை, 1957 ஜூலையிலிருந்து 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று விரித்து எழுதியிருந்தீர்கள். ஸ்புட்னிக் பறந்ததும் அந்த ஆண்டுக்குள்தான். நியூயார்க்கிலிருந்து பாரீசுக்குக் கடலுக்கு அடியில் தொண்ணூறு நிமிட ரயில், சூரிய ஒளியில் இயங்கும் நகரம், 1976க்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றெல்லாம் அந்தப் பாட்டில் ஒரு பையன் நம்புகிறான். பாடுபவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு, 1976 எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பையனைக் கேலி செய்யவில்லை. எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அதுதான். கேலி செய்வது அவருக்குக் கைவந்த கலை, ஸ்டீலி டேன் கேட்டவர்களுக்குத் தெரியும். இங்கே கையைக் கட்டிக்கொண்டார். நாமோ கேலி செய்தோம். நியூயார்க் போய்ச் சேரவே நல்ல நாளில் ஒரு மணி நேரம் ஆகிறதே என்று யாரோ சொல்ல, சிரிப்பு அடங்க நேரமானது.

சுண்டல், இஞ்சி டீ, நாற்காலிகள், வாசலில் நின்று கார்களை ஒழுங்குபடுத்தியது, கடைசியில் கூட்டிப் பெருக்கியது எல்லாம் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயரைப் போட்டால் அடிக்க வருவீர்கள், அதனால் விடுகிறேன்.

என் மகளுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். வயது பதினைந்து. இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று தினம் ஒரு முறையாவது சொல்பவள். அன்றிரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. தட்டலாமா என்று யோசித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பெரியவர் 14ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். அதற்கு முன் பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் ஏதாவது பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள், பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி பேசினால் கோபம் வரும், காப்பி கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. சுண்டல் வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மூடியில் 'மீ' என்று வெட்டியிருக்கிறது, அடுத்த எழுத்து தேய்ந்துவிட்டது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் தூக்காகத் திருப்பித் தர மாட்டோம்.

அன்புடன்,
இசைத்தட்டை வாங்கிவிட்டுக் கருவி இல்லாமல் விழித்தவன்