பாலூட்டிகள் பதுங்கியே கிடக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலூட்டிகளின் எழுச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலியளவு உடம்போடு டைனோசர்களுக்குப் பயந்து வளைக்குள் பதுங்கிக் கிடந்தவை, விண்கல் விழுந்ததும் வெளியே வந்து உலகை ஆண்டன என்ற பழைய பல்லவியையே அதுவும் பாடுகிறது.

சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த ரெப்பனோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றுக்குள் டைனோசர் குஞ்சின் எலும்புகள் இருந்ததை 2005-லேயே அறிவித்துவிட்டார்கள். சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கு அது. யாருக்கு யார் பயந்தார்களோ! அதற்கும் முன்பே, ஜுராசிக் காலத்தில், பாலூட்டிகளின் நெருங்கிய உறவான காஸ்டரோகௌடா தட்டையான வாலோடு நீரில் நீந்தி மீன் பிடித்திருக்கிறது.

விண்கல்லும் வரமாக வந்து விழவில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அந்த அழிவில் பாலூட்டி இனங்களும் கொத்துக்கொத்தாக மடிந்தன. மிஞ்சியவை பொடிசுகள்தான். பிறகு நடந்ததைக் காட்டும் அருமையான சான்று அமெரிக்காவின் கொலராடோவில், கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே உருண்டைக் கற்களை உடைத்தால் உள்ளே முழு மண்டையோடுகள்! 2019-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அழிவுக்குப் பின் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் ரக்கூன் (பெரிய பூனையை ஒத்த உடலளவுள்ள அமெரிக்க விலங்கு) அளவு விலங்குகள் வந்துவிட்டன. ஏழு லட்சம் ஆண்டுகளில் 50 கிலோவைத் தொட்டுவிட்டன. கூடவே செடிகளும் மாறியிருக்கின்றன. முதலில் பெரணி, அப்புறம் பனை வகைகள், கடைசியாக அவரைக் குடும்பத்துக் காய்கள். தின்ன நல்ல தீனி கிடைத்த பிறகே உடம்பு பெருத்தது. கட்டுரையில் செடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திமிங்கலத்தையும் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். காஷ்மீரில் புதைபடிவமாகக் கிடைத்த இந்தோஹ்யஸ், திமிங்கலத்தின் தரைவாழ் உறவு; பூனையைவிடச் சற்றே பெரிய குளம்புக்கால் விலங்கு. ஆனால் அதன் காதெலும்பில் ஒரு பக்கம் திமிங்கலத்துக்கு இருப்பதுபோலவே தடித்திருக்கிறது. இதற்கே தனிக் கட்டுரை போடலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். எலி, குதிரை, குரங்கு, மனிதன் என்று ஏணிப்படியாக வரைந்திருக்கிறார் ஓவியர். இன்று வாழும் பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகள், ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். ஏணியின் கீழ்ப்படியில் எலியை நிறுத்தியவர், வௌவாலை எந்தப் படியில் தொங்கவிடுவதாக உத்தேசம்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்