ஆரணி டிக்கெட் வைத்த பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். போன வாரம் நல்ல மழை. பின்கட்டுச் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். நீ வேளைக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு.

விடுப்பில் வந்தபோது நீ படித்துக்கொண்டிருந்த நாவலை, முதல் உலகப் போரைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் எழுதியதை, அலமாரியில் வைக்க எடுத்தேன். நடுவில் ஆரணி பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தேன். விடுப்பில் வரும் பால் என்ற சிப்பாய், இறந்துபோன நண்பன் கெம்மரிக்கின் தாயைப் பார்க்கப் போகிறான். கால் எடுக்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தவன் அவன். தாயிடமோ, குண்டு பட்டதுமே உயிர் போய்விட்டது, வலியே தெரியவில்லை என்கிறான் பால். அவள் நம்பாமல் சத்தியம் கேட்கிறாள். அது பொய்யென்றால் தான் உயிரோடு திரும்பக் கூடாது என்று சொல்லிவிடுகிறான்.

ஆரணியில் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. பால் 1918 அக்டோபரில் செத்துப்போகிறான் என்பது கதை. எழுதியவர் 1917-இல் குண்டுச்சில் பாய்ந்து காயப்பட்ட சிப்பாய். அவர் புத்தகத்தை 1933-இல் நாஜிகள் நெருப்பில் போட்டார்கள். அவர் 1970 வரை இருந்தார். அதை நினைவில் வைத்துக்கொள். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் வேலூர்க் கோட்டைக்குப் போய் ஜலகண்டேஸ்வரருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்துகொண்டிருக்கிறாள். செய்யட்டும்.

அதே அத்தியாயத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகன் சீருடையைக் கழற்றாமல் தன்னோடு வந்தால் தெரிந்தவர்களிடம் காட்டலாமே என்று அவருக்கு ஆசை. என்னை நினைத்துச் சிரித்திருப்பாய். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டையில் சீருடையை யார் அதிசயமாகப் பார்க்கப்போகிறார்கள்? இருந்தாலும் பெற்றவனுக்கு அந்தப் பெருமை கூடவா கூடாது? டீக்கடை வரை வந்தாய், கிளாசைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். இப்போது போனிலும் அம்மாவிடம் மழையைப் பற்றி மட்டும்தான் விசாரிக்கிறாய்.

பேச வராவிட்டால் எழுது. அவசரமில்லை. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, போர்க்கைதியாக ஒரு கசாப்புக்கூடத்தின் நிலவறையில் இருந்து பிழைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் வானெகட். அவர் அதை நாவலாக வெளியிட்டது 1969-இல். 24 வருடம் ஆகியிருக்கிறது. உனக்கும் ஆகட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆனால் சாப்பிடு, தூங்கு.

அம்மா ஆரணிக்குப் போய் அந்தத் தாயைப் பார்த்துவர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நல்ல காரியம்தான், தடுக்க மனம் வரவில்லை. பையனைப் பற்றி அவர்கள் கேட்டால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? நீ ஒன்று சொல்லியிருக்க, நாங்கள் வேறொன்றைச் சொல்லிவிடக் கூடாது. நாங்கள் கிளம்புவதற்குள் எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா